கரோலா நேஹெரின் கையெழுத்து

1931-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'மூன்று காசு இசைநாடகம்' என்ற படத்தில் ஒரு கல்யாணக் காட்சி வருகிறது. லண்டன் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு ஒன்றில், திருடிவந்த மேஜை நாற்காலிகளும் திருடிவந்த வெள்ளிப் பாத்திரங்களும் சூழ, கொள்ளைக்கூட்டத் தலைவன் மெக்கி தன் சகாக்களின் முன்னிலையில், பிச்சைக்காரர்களை வைத்துத் தொழில் நடத்தும் பீச்சமின் மகள் பாலியைக் களவாக மணந்துகொள்கிறான். விருந்தினருக்காக மணப்பெண் ஒரு பாட்டுப் பாட எழுந்து நிற்கிறாள். யோக்கியர்கள் வந்து கேட்டபோதெல்லாம் மறுத்துவிட்ட ஒரு பெண், மரியாதையாகக் கேட்கக்கூடத் தெரியாத ஒருவனிடம் மறுக்க இயலாமல் போன கதை அது. அழகையும் கண்ணீரையும் கொட்டி ரசிகரின் மனத்தைக் கரைத்துவிடுவதற்கு அந்தப் பாட்டில் போதிய இடமிருக்கிறது. ஆனால் பாலியாக நடித்த கரோலா நேஹெர், கைகளை அதிகம் அசைக்காமல், முகத்தில் பாவங்களை வாரி இறைக்காமல், தமக்கே நேர்ந்த சங்கதியைப் பிறர் சங்கதி போல எடுத்துரைக்கும் ஒருவிதத் தெளிவோடு பாடி முடிக்கிறார். படத்தின் பிற்பகுதியில் இந்தப் பாலி, கணவன் சிறையிலிருக்கும் சமயத்தில், கொள்ளைக்கூட்டத்தையே ஒரு வங்கியாக மாற்றித் தலைமை நாற்காலியில் அமர்ந்துவிடுகிறாள். அந்த நாற்காலியிலும் அதே அலட்சியம், அதே தெளிவு. அபிநயம் என்பது மிகையின் கலை என்று நினைத்துப் பழகிய நம் கண்ணுக்கு முதலில் இது ஏதோ குறைபாடாகத் தோன்றலாம். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அதன் கட்டுப்பாடு விளங்குகிறது.

வங்கி அவருக்குப் புதிதல்ல. 1900-ஆம் ஆண்டு நவம்பரில் மூனிச் நகரத்தில் ஓர் இசைக்கலைஞரின் மகளாகப் பிறந்த அவர், முதல் உலக யுத்தத்தின் இறுதிக் காலத்தில் வங்கிக் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். அதை உதறிவிட்டு, நாடகப் பள்ளிப் படிப்பு எதையும் ஒழுங்காக முடிக்காமல், சிற்றூர் மேடைகளில் சில்லறை வேடங்களில் தொடங்கி, இருபத்தைந்து வயதுக்குள் பெயர் வாங்கிவிட்டார். 1925-இல் கிளாபுண்ட் என்ற புனைபெயரில் எழுதிவந்த கவிஞரை மணந்தார். கிளாபுண்டுக்குச் சிறுவயது முதலே க்ஷயரோகம். எந்த நாளும் கடைசி நாளாக இருக்கலாம் என்று தெரிந்தே வாழ்ந்த அம்மனிதர், பழைய சீனக் கதை ஒன்றைத் தழுவிச் 'சுண்ணாம்பு வட்டம்' என்ற நாடகத்தை எழுதி ஜெர்மனி முழுவதும் புகழ்பெற்றார். ஒரு குழந்தைக்கு உரிமை கொண்டாடும் இரு பெண்களுக்கு நடுவே, தரையில் வரைந்த வட்டத்துக்குள் குழந்தையை நிறுத்தி, இழுத்து வெளியே எடுப்பவளுக்கே குழந்தை என்று நீதிபதி சொல்ல, பெற்றவள் பிள்ளைக்கு நோகுமே என்று கையை விட்டுவிடும் கதை. அதில் வரும் தாயின் பாத்திரத்தை நேஹெரும் மேடையில் ஏற்றவரே. 1928 ஆகஸ்டில் 'மூன்று காசு இசைநாடகம்' பெர்லின் மேடைக்காக ஒத்திகையிலிருந்தபோது, டாவோஸ் மலைவாசஸ்தலத்தில் கிளாபுண்ட் மரணப்படுக்கையில் கிடந்தார். ஒத்திகையை விட்டுவிட்டு நேஹெர் அங்கே ஓடினார். ஆகவே முதல் அரங்கேற்றத்தில் பாலியாக நின்றவர் வேறொரு நடிகை. அடுத்த ஆண்டுதான் அந்த வேஷம் நேஹெரின் கைக்கு வந்தது.

அந்த இசைநாடகத்தை எழுதிய பெர்டோல்ட் பிரெக்ட், நேஹெரை மனத்தில் வைத்து எழுதிய பாத்திரங்கள் சில உண்டு. அவற்றுள் மிகப் பெரியது 'கசாப்புக் கிடங்குகளின் புனித ஜோன்'. சிகாகோ நகரத்துத் தொழிலாளரிடையே பக்திப் பிரசாரம் செய்ய வந்த பெண், பசியின் காரணத்தை அறிய அறிய முதலாளிகளுக்கு எதிராகத் திரும்புகிறாள். வேலைநிறுத்தக்காரர்கள் அவளை நம்பி ஒரு கடிதத்தைக் கொடுத்தனுப்ப, அதை உரியவரிடம் சேர்க்காமல் தவறவிடுகிறாள். சாகும் தருவாயில் அவள் சொல்லவந்த உண்மையை யார் காதிலும் விழாதபடி, மாமிச வியாபாரிகள் அவளைப் புனிதவதி என்று போற்றிப் பாடும் தோத்திரம் அமுக்கிவிடுகிறது. 1932 ஏப்ரலில் பெர்லின் வானொலி இதன் சுருக்கத்தை ஒலிபரப்பியபோது ஜோனாகப் பேசியவர் நேஹெர். முதலாளி மௌலராகப் பேசியவர் ஃபிரிட்ஸ் கோர்ட்னர். அந்நாளைய ஜெர்மனியில் எந்த நாடக அரங்கும் அதை முழுமையாக மேடையேற்றத் துணியவில்லை. கடிதத்தையும் தோத்திரத்தையும் வாசகர் சற்றே நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டும் பின்னர் வேறு உருவத்தில் வரும்.

அந்தத் திரைப்படத்தில் நடித்தவர்களின் பிற்கால ஜீவிதத்தை ஒருங்கே வைத்துப் பார்த்தால், அந்த நூற்றாண்டின் ஐரோப்பிய சரித்திரமே பகுதி பகுதியாகக் கண்முன் விரிகிறது. தெருப்பாடகனாக வரும் எர்ன்ஸ்ட் புஷ், ஸ்பெயின் யுத்தத்தில் சர்வதேசப் படையினருக்குப் பாடிவிட்டு, நாஜிகளிடம் அகப்பட்டுச் சிறையிலிருந்து, உயிரோடு மீண்டார். விலைமகள் ஜென்னியாக வரும் லோட்டே லென்யா, இசையமைத்த குர்ட் வைலோடு அமெரிக்காவுக்குத் தப்பினார். மெக்கியாக நடித்த ருடால்ஃப் ஃபோர்ஸ்டர் அமெரிக்கா வரை போயும் ஹிட்லரின் ஜெர்மனிக்கே திரும்பி வந்தார். பீச்சமாக நடித்த ஃபிரிட்ஸ் ராஸ்ப் நாட்டைவிட்டு நகரவே இல்லை. படத்தை எடுத்த பாப்ஸ்ட்டும் யுத்த காலத்தில் அங்கேயே படமெடுத்தார். 1933-இல் நாஜி தணிக்கை இந்தப் படத்தைத் தடைசெய்துவிட்டது. இத்தனை பேரிலும் ஃபாசிசத்திடமிருந்து தப்பி, ஃபாசிசத்தின் பரம விரோதி என்று தன்னை அறிவித்துக்கொண்ட ஒரு ராஜ்யத்தின் சிறையில் மடிந்தவர் பாலி ஒருத்திதான்.

அவரை வீராங்கனையாகச் சித்திரிக்கும் எண்ணம் எனக்கில்லை. அவர் ஆயுதம் கடத்தியவரல்லர். பாலங்களுக்கு வெடி வைத்தவரல்லர். முப்பதுகளின் தொடக்கத்தில், பெர்லின் நகரத்து மார்க்சியத் தொழிலாளர் பள்ளியின் பக்கம் பல கலைஞர்களைப் போலவே அவரும் ஒதுங்கினார். ருஷ்ய மொழி கற்கத் தொடங்கினார். அந்தச் சூழலில் அறிமுகமான அனத்தோல் பெக்கர் என்ற பொறியியலாளரை, ருமேனியாவிலிருந்து வந்த ஜெர்மானியக் கம்யூனிஸ்டை, 1932-இல் மணந்துகொண்டார். ஹிட்லர் பதவிக்கு வந்ததும் இருவரும் வெளியேறினர். வியன்னா, பிராக், பிறகு மாஸ்கோ. யூதரல்லாதவரும் புகழின் உச்சியில் இருந்தவரும் ஆகையால், மௌனமாக இருந்திருந்தால் ஜெர்மனியிலேயே அவர் நடித்துக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர் செய்தது ஒரு காரியம்: அப்போது ஜெர்மனியின் ஆட்சிக்கு வெளியே இருந்த ஸார் பிரதேசம் ஹிட்லரின் ஜெர்மனியோடு சேரக்கூடாது என்று அந்தப் பிரதேசத்து மக்களை வேண்டிக்கொண்ட அறிக்கையில் மற்ற எழுத்தாளர், கலைஞர்களோடு தாமும் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தால் ஸார் பிரதேசத்தில் ஓர் அணுவும் அசையவில்லை. 1935 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஜெர்மனியோடு சேரவே வாக்களித்தார்கள். ஆனால் கையெழுத்திட்டவர்களை ஜெர்மன் அரசு மறக்கவில்லை. வாக்கெடுப்புக்கு முன்பே, 1934 நவம்பரில், எழுத்தாளர் கிளவுஸ் மானின் குடியுரிமையைப் பறித்த அதே பட்டியலில், நேஹெரின் குடியுரிமையையும் பறித்தது. பயனற்ற கையெழுத்து என்று இதை இன்று நாம் எளிதில் சொல்லிவிடலாம். கையெழுத்திடுபவனுக்கு அதன் பயன் தெரிவதில்லை. அதற்குரிய விலை மட்டும் ஓரளவு தெரியும். தெரிந்தும் இடுகிறான் என்பதில்தான் அதன் கனம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மாஸ்கோவில் அவருக்குப் பெரிய வேலை ஒன்றும் காத்திருக்கவில்லை. நடிகனுக்கு மொழியே உடல். ஓவியனும் சங்கீத வித்வானும் எந்த நாட்டுக்குப் போனாலும் தம் கருவியை எடுத்துச் செல்கிறார்கள். உச்சரிப்பின் நுட்பத்தில், ஒரு வார்த்தையை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற சாதுரியத்தில் புகழ்பெற்ற ஒருத்திக்கு, அந்த மொழி புழங்காத நகரத்தில் எஞ்சுவது, நாடுவிட்டு வந்த ஜெர்மானியர் கூடும் மாலைகளில் கவிதை வாசிப்பதும், கிடைத்த சிறு வேலைகளை ஏற்பதுமே. 1934 டிசம்பரில் மகன் பிறந்தான். வறுமையும், வந்தேறிகளுக்கே உரிய வம்பும் பொறாமையும் சூழ்ந்த வாழ்க்கை. அந்தச் சிறு கூட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். யார் யாரைப் பிராகில் சந்தித்தார்கள், எந்தத் தலைவரைப் பற்றி யார் என்ன கேலி பேசினார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். சாதாரண காலத்தில் இது வெறும் வம்பு. ஸ்டாலினின் களையெடுப்பு தொடங்கிய 1936-இல் அதுவே சாட்சியமாயிற்று.

முதலில் பெக்கரைக் கைது செய்தார்கள். அவ்வாண்டு ஜூலை 25-ஆம் தேதி நேஹெரை. குழந்தைக்கு ஒன்றரை வயது. பிராகில் இருந்தபோது எரிஹ் வோலென்பெர்க் என்பவரைச் சந்தித்தார், அவருடைய தூதுவராக மாஸ்கோவுக்கு வந்தார் என்பது குற்றச்சாட்டு. வோலென்பெர்க் ஒரு காலத்தில் செஞ்சேனையிலேயே பணியாற்றியவர். பின்னர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு ட்ராட்ஸ்கியவாதி என்று முத்திரை குத்தப்பட்டவர். நாடகத்தில் கடிதத்தைச் சேர்ப்பிக்காமல் போனது ஜோனின் பாவம். நிஜத்தில் கொண்டுவராத கடிதத்தைக் கொண்டுவந்ததாகச் சொன்னது அரசின் வழக்கு. 1937 மார்ச்சில் பத்தாண்டுச் சிறை விதித்தார்கள். அதே ஆண்டு பெக்கரைச் சுட்டுக் கொன்றார்கள். சோவியத் ஆவணக்காப்பகங்கள் திறந்த பிறகு வெளிவந்த தாள்களில் ஒன்று, நாடகாசிரியரும் இயக்குநருமான குஸ்தாவ் ஃபான் வாங்கென்ஹைம் விசாரணை அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலம். நேஹெருக்கும் பெக்கருக்கும் சோவியத் விரோத மனப்பான்மை உண்டு என்று அதில் சொல்கிறார். வாங்கென்ஹைம் யுத்தம் முடிந்ததும் பெர்லினுக்குத் திரும்பி, ஜெர்மன் நாடக அரங்கத்தின் தலைமைப் பதவியில் அமர்ந்தவர். அவரைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பயந்த மனிதனைப் பயப்படாத காலத்தில் உட்கார்ந்து விசாரிப்பது சுலபம். ஆனாலும் தாள் தாள்தான்; அது அழியவில்லை.

நண்பர்களின் மௌனத்தைப் பற்றி அவ்வளவு தாராளமாக என்னால் இருக்க இயலவில்லை. டென்மார்க்கில் அகதியாக இருந்த பிரெக்ட், 1937-இல், மாஸ்கோ சென்று ஸ்டாலினையே நேரில் கண்டு திரும்பியிருந்த எழுத்தாளர் லியோன் ஃபாய்ஷ்ட்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில் நேஹெரைப் பற்றி விசாரிக்கிறார். அவருக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறார். விஷயம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கவலையும் கூடவே வருகிறது. தாம் மாஸ்கோவில் இருந்த சமயத்தில் நேஹெர் சிறையில் இருந்தார், கணவரின் சதியில் சம்பந்தப்பட்டவராம், மேல்விவரம் தெரியாது என்று ஃபாய்ஷ்ட்வாங்கர் பதில் எழுதினார். அவ்வளவே. ஹிட்லர் ஒருவனே சத்துரு, அவனை எதிர்த்து நிற்கக்கூடிய ராஜ்யம் ஒன்றே ஒன்று, அந்த ராஜ்யத்தைப் பற்றிப் பகிரங்கமாக ஒரு வார்த்தை பேசினாலும் அது ஹிட்லருக்கே உதவும் என்பது அன்றைய நேர்மையான மனிதர் பலரின் தர்க்கம். அதை மூடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்பெயினில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஆண்டு அது. ஆனால் இந்த வகைக் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு: கணக்கைப் போடுபவர் ஒருவர், கடனைத் தீர்ப்பவர் வேறொருவர். அதே 1937-இல் பிரெக்ட் நேஹெரைக் குறித்து ஒரு கவிதையும் எழுதினார். முன்பு ஒரு காலத்தில், காலையில் முகம் கழுவுவதுகூட எப்படி ஒரு நடிகைக்குப் பயிற்சியாகலாம் என்று அவருக்குத் தாம் சொல்லிக்கொடுத்ததை அது நினைவுகூர்கிறது. மனத்தைத் தொடும் கவிதைதான். பிரெக்டின் ரசிகன் என்ற முறையில் அதை மதிக்கிறேன். சிறையிலிருந்தவருக்கு அது ஒரு கவளம் ரொட்டியையும் பெற்றுத் தரவில்லை என்பதையும் சேர்த்தே மதிக்கிறேன்.

சிறையில் அவரைப் பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். எவ்கேனியா கின்ஸ்பர்கின் நினைவுநூலில், மாஸ்கோவின் புத்தீர்க்கா சிறையில் அடைபட்டிருந்த வெளிநாட்டுப் பெண்களிடையே அவர் தோன்றி மறைகிறார். மார்கரெட்டே பூபர் நாய்மனின் நூலில் 1940-ஆம் ஆண்டுத் தொடக்கத்துச் சித்திரம் ஒன்று இருக்கிறது. ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் செய்துகொண்டுவிட்ட காலம். பல முகாம்களிலிருந்தும் ஜெர்மானியப் பெண்களைப் புத்தீர்க்காவுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். திடீரென்று நல்ல உணவு, நல்ல படுக்கை. ஏன் இந்த உபசாரம் என்று எலும்பும் தோலுமான அந்தப் பெண்கள் திகைக்கிறார்கள். பார்ப்பதற்குச் சகிக்கும்படியாக உடம்பைத் தேற்றி, பிரெஸ்ட் லித்தோவ்ஸ்க் பாலத்தில் கெஸ்டபோவிடம் ஒப்படைப்பதற்காக. பூபர் நாய்மன் அப்படி ஒப்படைக்கப்பட்டு, ராவென்ஸ்பிரூக் முகாமில் ஐந்தாண்டு இருந்து, பிழைத்து வந்து, எழுதினார். அந்த அறையில் அவரோடு நேஹெரும் இருந்தார். ஆனால் நேஹெர் பாலத்துக்கு அனுப்பப்படவில்லை. சோவியத் சிறைக்கே திருப்பி அனுப்பப்பட்டார். ஒரு மனுஷிக்கு இருந்த இரண்டு வழிகளும் இவைதாம் என்று நினைக்கும்போது, எதற்காக வருந்துவது என்றே புத்தி பிடிபடுவதில்லை.

1941 மார்ச் மாதத்தில், மகன் வளர்ந்துவந்த அனாதை விடுதிக்கு நேஹெர் ஒரு கடிதம் எழுதினார். அது தப்பிப் பிழைத்திருக்கிறது. மகனின் உடல்நலம் எப்படி, எவ்வளவு உயரம், எவ்வளவு எடை, எழுத்துக்கூட்டத் தெரியுமா, படம் வரைவானா, சங்கீதத்தில் ருசி உண்டா என்றெல்லாம் கேள்விகள். அவன் வரைந்த படம் ஒன்றை அனுப்ப முடியுமா என்றும் கேட்கிறார். புலம்பல் இல்லை, தம் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாலியின் பாட்டில் கண்ட அதே நிதானம், மேடையில் கற்ற வித்தையா, சுபாவமா என்று பிரித்துச் சொல்ல இயலாத நிதானம், இந்தக் கடிதத்திலும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரண்டு மாதங்கள் கழித்து, மே மாதத்தில், பிரெக்ட் தம் குடும்பத்தோடு மாஸ்கோ வந்துசேர்ந்தார். அமெரிக்கா போகும் வழி. நோய் முற்றிய தம் துணையாசிரியை மார்கரெட்டே ஸ்டெஃபினை அங்கே மருத்துவமனையில் விட்டுவிட்டு, சைபீரிய ரயிலேறி, விளாடிவோஸ்டாக்கில் ஜூன் 13-ஆம் தேதி கப்பலேறினார். ஒன்பதாவது நாள் ஹிட்லரின் சேனை சோவியத் எல்லையைக் கடந்தது. ஸ்டெஃபின் அதற்குள் இறந்துவிட்டார். நேஹெர் அப்போது உயிரோடு இருந்தார். தெற்கே ஒரென்பூர்க் பிராந்தியத்தில், கஜாக் புல்வெளியின் ஓரத்தில், சோல்-இலெத்ஸ்க் என்ற ஊரின் சிறையில் அடுத்த ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி டைபஸ் ஜுரத்தில் மாண்டார். வயது நாற்பத்தொன்று.

கலிபோர்னியாவில் 1944-இல் பிரெக்ட் எழுதிய 'காக்கேசியச் சுண்ணாம்பு வட்டம்' நம்மவர் பலருக்கும் பரிச்சயமானது. கிளாபுண்ட் எடுத்தாண்ட அதே பழங்கதை; ஆனால் தீர்ப்பை பிரெக்ட் தலைகீழாக மாற்றிவிட்டார். பெற்றவள் பணப்பேராசை கொண்டவள்; எடுத்து வளர்த்த ஏழை வேலைக்காரிதான் கையை விடுகிறாள்; குழந்தை அவளுக்கே போகிறது. எதுவும் அதைப் பேணுபவருக்கே உரியது என்ற அந்த நீதி உயர்ந்த நீதிதான். என்றாலும், அந்த முதல் நாடகத்தில் தாயாக நடித்தவரின் சொந்த மகனை அந்த வட்டத்துக்குள் நிறுத்திப் பார்க்காமல் என்னால் அதை வாசிக்க முடிவதில்லை. ஒரு பக்கம் சிறையிலிருந்து கடிதத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாய். மறுபக்கம் அவனுக்குச் சோறும் பள்ளிக்கூடமும் கொடுத்து வளர்த்த அரசு. அந்த அரசு கையை விடவில்லை. தாய் யாரென்றும் அவனுக்குச் சொல்லவில்லை. அனாதை விடுதிகளில் ருஷ்யச் சிறுவனாக வளர்ந்து, சங்கீதம் படித்து, அறுபதுகளின் பிற்பகுதியில்தான் அவர் தம் பெற்றோர் இன்னார் என்று அறிந்தார். எழுபதுகளில் ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார். படம் வரைவானா, சங்கீதம் வருமா என்ற கேள்விகளில் இரண்டாவதற்குப் பதில் கிடைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1959-ஆம் ஆண்டு சோவியத் அரசு கரோலா நேஹெர் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஹாம்பர்க் நகரத்தில் 'கசாப்புக் கிடங்குகளின் புனித ஜோன்' முதன்முறையாக மேடையேறிற்று. பிரெக்ட் இறந்து ஏறக்குறைய மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. நேஹெருக்காக எழுதப்பட்ட ஜோன் பாத்திரத்தில் பிரெக்டின் மகள் ஹன்னே ஹியோப் நடித்தார். இயக்கியவர் குஸ்தாஃப் கிரூண்ட்கென்ஸ். ஹிட்லர் ஆட்சியில் கோயரிங்கின் பரிபாலனத்தில் பெர்லின் அரசு நாடக அரங்கத்துக்குத் தலைவராக விளங்கியவர். பத்தாண்டுகளுக்கு முன்பே, உரிமையை அவருக்குக் கொடுக்கத் தயார் என்று தெரிவித்தவரும் பிரெக்ட்தான். எல்லோரும் ஒருவரோடொருவர் சமரசமாகிவிட்டிருந்தார்கள். மேடையில் மாமிச வியாபாரிகள், எழுதியவர் எழுதியபடியே, சாகிற பெண்ணின் குரல் கேட்காதவாறு உரத்துத் தோத்திரம் பாடினார்கள்.